கூட்டத்திற்கு வராதவர்கள்

வானொலி வேலைக்கு வரும் புதியவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தரும் முதல் பாடங்களில் ஒன்று இது: அழைக்கிறவர்கள் வேறு, கேட்கிறவர்கள் வேறு. ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்று பத்துப் பேர் தொலைபேசியில் சொன்னதும் நாடே அதை வெறுக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நேரம் இருப்பவர், நேரலையில் பேசக் கூச்சப்படாதவர், பத்து நிமிடம் காத்திருக்க முடிந்தவர் அழைக்கிறார். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டே கேட்பவர் அழைப்பதில்லை. ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் தூங்கி வழிந்தபடி கேட்கும் பெண் அழைப்பதில்லை. நிகழ்ச்சி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதே விஷயம் நம் ஊர்க் கூட்டங்களிலும் நடக்கிறது. தாமான் கூட்டம், கோயில் நிர்வாகக் கூட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், நகராண்மைக் கழகம் நடத்தும் கலந்துரையாடல் என்று எதை எடுத்துக்கொண்டாலும், வந்தவர்கள் சொன்னது 'மக்கள் விருப்பம்' என்று குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. வராதவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கு யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'எல்லாருக்கும் நல்லது' என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் வரும் 'எல்லாரும்' பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தாம். நம் வயது, நம் இனம், நம்மைப் போல நடக்க முடிந்தவர்கள், நம்மைப் போல இரவில் வீட்டில் இருப்பவர்கள். மனச்சாய்வு என்று நான் சொல்வது இதைத்தான். வெறுப்பை அடையாளம் காண்பது சுலபம். நல்ல எண்ணத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சாய்வைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இதைப் பற்றிப் பேச மலேசியாவில் சுங்கை சிப்புட்டை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

வேலி போட்ட வரைபடம்

ஈப்போவிலிருந்து வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கும் இந்த ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் இடம் பிடித்தது ஒரு கசப்பான காரணத்தால். 1948 ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் பிரகடனமானது. அது 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் நடந்த சண்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சண்டையோடு சேர்ந்து மாபெரும் குடியிருப்புத் திட்டம் ஒன்றும் நடந்தது. 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரத்துப் புறம்போக்கு நிலங்களில் பயிரிட்டு வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், 400-க்கும் அதிகமான புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சுற்றிலும் முள்வேலி, இரவில் ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு வேலி போடப்பட்டன. நம் தாத்தா பாட்டிமார் பலருக்கு அந்த வேலியும் வாசலில் நடந்த சோதனையும் நேரில் தெரியும். மலையில் வாழ்ந்த பூர்வகுடி மக்களையும் விட்டுவைக்கவில்லை. காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் வைக்கப்பட்டவர்களில் பலர் நோய் கண்டு இறந்தார்கள்.

அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் தனித்தனி மனிதர்களைப் பார்க்கவில்லை. காட்டோரச் சீனர் என்றால் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுப்பவர், தோட்டத் தொழிலாளி என்றால் மிரட்டினால் பணிபவர், காட்டுவாசி என்றால் வழிகாட்டி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முத்திரை குத்தி, அந்த முத்திரையை வைத்து நிலத்தில் கோடு போட்டார்கள். ஏற்கெனவே தனித்தனியாக வாழ்ந்தவர்களை அந்தக் கோடு இன்னும் விலக்கி வைத்தது.

முள்வேலி போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் இன்றைக்கும் சுங்கை சிப்புட்டில் ஒருவரிடம் வழி கேட்டால், 'அது சீனர் பக்கம்', 'அது தோட்டத்துப் பக்கம்', 'அதுக்கு மேல போனா அஸ்லிக்காரங்க' என்றுதான் பதில் வருகிறது. ஆற்றின் மேற்பகுதியில் தெமியார் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களும் இதே ஊருக்குத்தான் சந்தைக்கு வருகிறார்கள், இதே மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். ஊருக்கு ஒரு பேருந்து நிலையமோ பொதுக் கழிப்பறையோ திட்டமிடும்போது அவர்கள் முகம் நமக்கு நினைவுக்கு வருகிறதா?

நம் வீட்டுக் கோடு

வெள்ளைக்காரன் போட்ட கோடு என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள முடியாது. தோட்டத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா, கொஞ்சம் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் லயம். இது நிர்வாகம் போட்டது. அந்த லயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனி வரிசை, சில தோட்டங்களில் தனித்தனிக் கோயில். இதில் நம் கங்காணிகளின் கையும் இருந்தது. எந்தக் குடும்பம் எந்த வரிசையில் இருக்கலாம் என்று முடிவு செய்தவர்கள், அதை யாருக்கும் தீங்கு செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். 'வழக்கம் அப்படித்தான்' என்று நினைத்திருப்பார்கள். சாய்வுக்கு வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இன்று நகரத்தில் வாடகை வீடு தேடும் தமிழ் இளைஞர்களுக்கு இன்னொரு கோடு நன்றாகத் தெரியும். தொலைபேசியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசும்வரை வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் 'இப்போதுதான் வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார்' என்பார்கள். அந்த அவமானம் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். அதே நாம், பின் வரிசையில் ஒரு வீட்டை வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டால், 'ஏன் இவங்களைக் கொண்டு வந்து இங்க வைக்கிறீங்க?' என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். நம் தாத்தாவும் கப்பலில் வந்து லயத்தில் தங்கியவர்தான்.

வேறு விதமாகவும் திட்டமிட முடியும் என்று காட்டியவரும் இதே ஊர்க்காரர்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தோட்டத்தின் பங்குதாரர் ஆகலாம். 'வேலை போன தொழிலாளியை எங்கே தங்க வைப்பது?' என்று கேட்பதும், 'இந்தத் தோட்டத்தை அவர்களே வாங்கினால் என்ன?' என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் கேள்வியில் தொழிலாளி ஒரு பிரச்சினை. இரண்டாவதில் அவர் ஒரு முதலாளி. அவரைப் பார்க்கும் கண் மாறியதால் திட்டமும் மாறியது.

நாற்பது பேர், நூற்றெண்பது வீடு

பெரிய வரலாற்றை விட்டுவிட்டு ஒரு சின்னக் கதைக்கு வருகிறேன். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தாமான். தோட்டத்தை விட்டு இறங்கி வந்த குடும்பங்கள் அதிகம். மூலையில் ஒரு காலி நிலம் புதர் மண்டிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குக் கூட்டம். அறிவிப்பாளர் என்பதால் நிகழ்ச்சியை நடத்தித் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள்.

சுமார் 40 பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் ஆண்கள், பின்னால் ஐந்தாறு பெண்கள். ஃபுட்சால் திடல் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார், பத்துப் பேர் கை தட்டினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது பின் வரிசையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

“நம்ம தாமான்ல மொத்தம் எத்தனை வீடு?”

“180 வீடு, டீச்சர்.”

“இங்க எத்தனை வீட்டுக்காரங்க இருக்கோம்?”

எண்ணினார்கள். 31.

இளைஞர் ஒருவர் சொன்னார்: “வராதவங்களுக்கு அக்கறை இல்லைன்னுதானே டீச்சர் அர்த்தம்?”

“உன் பக்கத்து வீட்டுப் பொண்ணு வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருது, தம்பி?”

“பதினோரு மணிக்கு மேல ஆகும்.”

“இப்ப மணி என்ன?”

யாரோ சிரித்தார்கள். ஆனால் முடிவு இரண்டு வாரம் தள்ளிப் போடப்பட்டது. மூன்று பேர், ஒரு தமிழர், ஒரு மலாய்க்கார மக்சிக், ஒரு சீன இளைஞர், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்.

என்ன கிடைத்தது? இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, அந்தக் காலி நிலத்தை ஒட்டித்தான் இருட்டில் நடந்து வருகிறார்கள். அவர்கள் கேட்டது விளக்கு. ஒரு வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் பதினான்கு வயதுப் பையன். லோங்காங்கின் மேல் சரிவுப் பலகை இல்லாததால் அவனைத் தூக்கித்தான் தெருவுக்குக் கொண்டு வர வேண்டும். அப்படி ஒரு பையன் இருப்பதே பக்கத்துத் தெருவில் பலருக்குத் தெரியாது. வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்த வீட்டில் முதலில் கதவைத் திறக்கவில்லை. குடிநுழைவு அதிகாரிகள் என்று பயந்துவிட்டார்கள். பிறகு மக்சிக் பேச்சுக் கொடுத்ததும் ஒருவர் சொன்னார், அவர்களுக்கும் பந்து விளையாட ஆசைதான், இரவில் வெளியே வந்தால் யாராவது போலீசைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான் வருவதில்லை.

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடந்தது. ஃபுட்சால் திடலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசைதான் மாறியது. முதலில் விளக்கு, அடுத்து லோங்காங்குக்குச் சரிவுப் பலகை, அப்புறம் திடல். இளைஞர்கள் சிலருக்கு அது கசந்தது. 'எங்களுக்குன்னு ஒண்ணு கேட்டாதான் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வருது' என்றான் ஒருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மாலையில் போக்கிடம் இல்லாத இளைஞர்களும் மறக்கப்பட்டவர்கள்தாம். எல்லாரையும் சேர்த்துத் திட்டமிடுவது என்றால் எல்லாரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள் என்று பொருள் இல்லை. யாருடைய தேவை முன்னால் போகிறது, யாருடையது காத்திருக்கிறது என்பது எல்லார் கண்முன்னும் நடக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தாமானின் கடிதம் நகராண்மைக் கழகத்துக்குப் போயிருக்கிறது. இதை எழுதும்வரை விளக்கு வரவில்லை.

நல்ல மனம் போதாது

மனச்சாய்வைப் பற்றிப் பேசினால் பலரும் 'மனம் மாற வேண்டும்' என்று முடித்துவிடுகிறோம். என் கருத்து வேறு. மனம் மெதுவாகத்தான் மாறும். அதுவரை கூட்டம் நடத்தும் முறையை மாற்றலாம். அதற்கு உதாரணங்கள் இருக்கின்றன.

பினாங்கில் 2012-இல், மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் அங்கே யார் யார் வசிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர், மாற்றுத் திறனாளிகள் என்று தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். கலந்து உட்கார்ந்தால் பேசாதவர்கள் தனியாக உட்கார்ந்தபோது பேசினார்கள். கடைசியில் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களில் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார்கள். பொதுப் பூங்காக்களுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை ஒன்பது வயதுக்குமேல் திடீரென்று குறைந்தது. சிறுவர்கள் தொடர்ந்து வந்தார்கள். 'பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைந்துவிடும்' என்று சொல்லி விட்டுவிடவில்லை. போய்ப் பார்த்தார்கள். பூங்காவின் நடுவில் பரந்த வெட்டவெளியைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். போட்டி போட விரும்பாத பெண் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1999-இலிருந்து சில பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். கூடுதலாக நடைபாதைகள் போட்டு, கைப்பந்து, பூப்பந்துத் திடல்கள் அமைத்து, வெட்டவெளியைச் செடிகளால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்திலும் கதவு திறந்துதான் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க யாருக்கும் உரிமை உண்டு. அதே ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், மன்றம் வேறு தீர்மானம் செய்தாலொழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கிறது. அந்தப் பையனுக்கான சரிவுப் பலகை ஒரு தருமம் அல்ல.

ஆனால் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை திரும்ப வரவே இல்லை. கோலகங்சார் நகராண்மைக் கழகம் உட்பட எல்லா மன்றங்களிலும் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அதனால் வீட்டுக்குப் போய்க் கேட்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

எண்ணிப் பார்க்க நான்கு விஷயம்

தாமானிலோ கோயிலிலோ பள்ளியிலோ பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்.

முதலில் எண்ணுங்கள். மொத்தம் எத்தனை வீடு, வந்தது எத்தனை வீடு. இந்த இரண்டு எண்ணையும் கூட்டக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். 180-க்கு 31 என்று எழுதிவிட்டு 'ஏகமனதாக' என்று எழுதக் கை வராது.

இரண்டாவது, நேரத்தையும் மொழியையும் பாருங்கள். சமையல் நேரத்தில் வைத்த கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது. சீன முதியவர் ஒருவர் வந்திருந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மலாயில் சுருக்கிச் சொல்ல ஒருவரை வையுங்கள்.

மூன்றாவது, கை தூக்கச் சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவர் கை தூக்கினால் மருமகள் எதிர்த்துத் தூக்க மாட்டாள். ஒரு துண்டுத் தாளும் பெட்டியும் போதும்.

நான்காவது, இல்லாதவர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், நீல அடையாள அட்டை கிடைக்காமல் அலைபவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள், படுக்கையில் இருக்கும் முதியோர், பிள்ளைகள். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரையாவது யார் போய்ப் பார்க்கப் போகிறார் என்று பெயர் எழுதுங்கள். 'யாராவது போங்கள்' என்றால் யாரும் போக மாட்டார்கள்.

இவை எதுவும் செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் நேரம் பிடிக்கும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய கூட்டம் இரண்டு வாரம் இழுக்கும். பொறுப்பில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். நமக்கு வேண்டியது பட்டியலில் மூன்றாவது இடத்துக்குப் போகலாம்.

அடுத்த முறை உங்கள் தாமானில் கூட்ட அறிவிப்பு ஒட்டினால், தலைப்பைப் படிப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் யார் வேலையில் இருப்பார், யாரால் படியிறங்க முடியாது, யார் வரப் பயப்படுவார் என்று யோசியுங்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே, உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னதைச் சொல்லுங்கள்.